பின்சக்கரத்தில் மஞ்சள் கோடு

17

சுதாராணி இன்னும் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று வாசகிகள் சிலர் காட்டமாக எழுதிக் கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் புருஷனைப் பறிகொடுத்துவிட்டு, எட்டு வயது மகள் காளீஸ்வரியோடு புகுந்த வீட்டில் உட்கார்ந்திருக்கும் ஒருத்திக்கு அது அத்தனை சுலபமா? அவள் இடத்தில் இருந்து ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். பிறகு திட்டுங்கள், நான் குறுக்கே வரவில்லை.

இந்த வாரம்தான் முதல்முறையாகப் படிக்க வருகிறவர்களுக்காக நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கோவில்பட்டியில் கடலைமிட்டாய் பட்டறை வைத்திருக்கும் செல்லத்துரையின் மூத்த மகன் ஹரிஹரசுதன். சுற்றுப்பட்டியில் இருக்கும் பெட்டிக்கடைகளுக்கெல்லாம் மிட்டாய் பாக்கெட் போட்டு வருவது அவன் வேலை. பெட்ரோல் விலைக்குப் பயந்து போன வருஷம் ஒரு பேட்டரி ஸ்கூட்டர் வாங்கினான். ஐப்பசிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை காலை, கயத்தாறு ரோட்டில் அந்த வண்டியின் பின்சக்கரம் சட்டென்று காற்றை இழந்து வண்டி சாய்ந்தது. பின்னால் வந்த லாரிக்கு நிறுத்த இடமில்லை.

அந்தப் பின் டயர் ஒன்பது நாள் முன்புதான் மாற்றியது. மாற்றியவர் எட்டயபுரம் ரோட்டில் டயர் கடை வைத்திருக்கும் சீனி. பழி முழுக்க அவர் மேல் விழுந்தது. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் செல்லத்துரை அவர் கடை வாசலில் போய் நின்று, "என் பிள்ளையக் கொன்னுட்டியேலே" என்று கத்திவிட்டு வந்தார். அதற்குப் பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கக்கூட அந்தக் கடைக்கு ஆள் வருவதில்லை.

உண்மை வேறு. அது இரண்டே பேருக்குத்தான் தெரியும்.

செல்லத்துரையின் வீடு ஊருக்குத் தெற்கே புது பிளாட்டில் இருக்கிறது. தார் ரோட்டைத் தொட அரை கிலோமீட்டர் கரிசல் பாதை. அன்று விடியும் முன்பே நல்ல மழை. நனைந்த கரிசலைப் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இங்கே வண்டி வைத்திருப்பவர்கள் மழை நாளில் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவார்கள். அப்போதுதான் சக்கரம் வழுக்காமல் சேற்றைப் பிடிக்கும். தார் ரோட்டில் ஏறியதும் திரும்ப அடித்துக்கொள்வார்கள். அண்ணன் வண்டியில் அன்று அப்படிக் காற்றை இறக்கியது தம்பி முத்துசெல்வம். அண்ணன் குளித்துக்கொண்டிருந்தான். பட்டறையில் பாகு அடுப்பு மூட்ட நேரமாகிவிட்டது என்று, மதினியிடம் சொல்லிவிட்டு ஓடினான்.

"பின் டயர்ல காத்து இறக்கியிருக்கேன் மதினி. ரோட்டுல ஏறுனதும் பம்பு அடிக்கச் சொல்லிருங்க."

மதினி சொல்லவில்லை. புதியம்புத்தூரில் அவள் அக்கா மகள் சடங்குக்கு ஹரிஹரசுதன் கூட்டிப் போகவில்லை. அந்தக் கோபத்தில் சனிக்கிழமையிலிருந்து அவனோடு பேச்சை நிறுத்தியிருந்தாள். இட்லித் தட்டை வைத்துவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். அவன் வாசலில் நின்று, "போயிட்டு வாரேன் சுதா" என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி இருபத்தெட்டாம் நாள். ஞாயிற்றுக்கிழமை.

*

போலீஸ் ஸ்டேஷனில் நின்ற வண்டி வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வந்துவிட்டது. முற்றத்தில் சாக்கைப் போட்டு மூடி வைத்திருந்தார்கள். ஹரிஹரசுதனின் அம்மா வேலுத்தாய் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தை முந்தானையால் மறைத்துக்கொண்டு போனாள்.

சீனி ஒரு தகவல் சொல்லி அனுப்பியிருந்தார். சக்கரத்தை எல்லார் முன்னாலும் பிரிக்க வேண்டும், தானே தன் கையால் பிரிக்க வேண்டும், தன் வேலையில் குற்றம் இருந்தால் அன்றோடு கடையை இழுத்து மூடிவிடுவதாகச் சொன்னார். செல்லத்துரை, "வரட்டும், பத்து மணிக்கு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார்.

எட்டு மணிக்கு சுதாராணி பின்கட்டில் துணி அலசிக்கொண்டிருந்தாள். முத்துசெல்வம் குடத்தை எடுத்துக்கொண்டு தண்ணீர் பிடிக்க வருகிறவன் போல வந்து நின்றான். இருபத்தாறு வயது. அண்ணன் போன பிறகு முகச்சவரம் செய்யவில்லை.

"மதினி, சீனி அண்ணாச்சி சக்கரத்தைப் பிரிச்சா அவியளுக்குத் தெரிஞ்சிரும்."

"என்ன தெரியும்?"

"காத்து கம்மியா இருந்துச்சுன்னு."

சுதாராணி துணியைப் பிழிந்தாள். பிழிந்த துணியையே மறுபடி தண்ணீருக்குள் போட்டாள்.

"நான்தான் இறக்குனேன்னு சொல்லிரப் போறேன்" என்றான் முத்துசெல்வம். "அவிய கடை பாவம் மதினி. நேத்து அந்த வழியாப் போனேன். ஒத்த ஆளா உக்காந்து பேப்பர் படிச்சுக்கிட்டு இருக்காவ. என்னப் பாத்துட்டு எந்திரிச்சு நிக்காவ. எனக்குச் செத்துரலாம் போல இருந்துச்சு."

"நானும் சொல்லுதேன் முத்து."

"வேண்டாம்." சுற்றிலும் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தான். "அம்மா குணம் உங்களுக்குத் தெரியாதா? எங்க சித்தப்பா செத்தப்ப பாண்டியம்மா சித்திய என்ன செஞ்சாவ? பிள்ளைய வச்சுக்கிட்டு அவியள மட்டும் பஸ் ஏத்தி விட்டாவல்லா. அதுக்கு ஒரு காரணமும் கிடையாது. உங்களுக்குக் காரணம் வேற இருக்கு. காளிக்கு அப்பா போயாச்சு. அம்மாவாது வேணும்."

"உன்னை என்ன செய்வாவ?"

"என்ன செஞ்சிருவாவ. அடிப்பாவ. நாலு நாள் பேச மாட்டாவ. நான் அவிய பெத்த பிள்ளை, எங்க போயிருவேன்?"

சுதாராணி பிழியாத துணியைத் துவைகல்லில் வைத்தாள். பிறகு, "சரி" என்றாள்.

அந்தச் சரியைச் சொன்னபோது அவளுக்கு நிம்மதியாக இருந்தது. உண்மையைச் சொன்னால் அதுதான். மகள் தன்னோடு இருப்பாள் என்ற நிம்மதி. அடுத்த நிமிடமே அந்த நிம்மதியை நினைத்து அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

இடுப்பில் செருகியிருந்ததைத் தொட்டுப் பார்த்தாள். பேனா மாதிரி ஒரு சாமான். டயரில் காற்று எவ்வளவு இருக்கிறது என்று அளந்து பார்ப்பது. ஆஸ்பத்திரியில் புருஷனின் சட்டையோடு சேர்த்து இதையும் அவள் கையில் கொடுத்தார்கள். சட்டையை எரித்துவிட்டார்கள். இதை அவள் யாருக்கும் காட்டவில்லை.

*

பத்து மணி ஆவதற்கு முன்பே சீனி வந்துவிட்டார். நாற்பத்தைந்து வயது, கறுத்த ஒல்லி உடம்பு. மொபெட்டின் பின்னால் ஒரு சாக்கு, அதற்குள் சாமான்கள். வாசலுக்கு வெளியிலேயே செருப்பைக் கழற்றினார்.

செல்லத்துரை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வா என்றும் சொல்லவில்லை, உட்கார் என்றும் சொல்லவில்லை. தெருக்காரர்கள் நாலைந்து பேர் காம்பவுண்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் நின்றார்கள். வேலுத்தாய் நிலைப்படி ஓரமாகப் பேத்தி காளீஸ்வரியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். புருஷன் போய் முப்பது நாள் கழியாத சுதாராணி வாசலுக்கு வரக்கூடாது. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டாள்.

வீட்டுக்கு வந்த மனிதருக்கு யாரும் ஒரு வாய் தண்ணீர் கொடுக்கவில்லை என்பது அவளுக்குப் பொறுக்கவில்லை. செம்பில் மோந்து மகளைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

"மாமாகிட்ட குடு."

காளீஸ்வரி செம்பை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு போனாள். செல்லத்துரை அதைப் பார்த்தார், தடுக்கவில்லை.

"அங்கன வைம்மா" என்றார் சீனி. "வேலை முடியட்டும். நான் குடிக்கலாமா கூடாதான்னு அதுக்குப் பொறவு தெரியும்."

சாக்கை எடுத்ததும் வண்டி தெரிந்தது. ஒரு பக்கம் முழுக்க உராய்ந்திருந்தது. மட்கார்டுக்கு அடியில் கரிசல் சேறு காய்ந்து பாளம் பாளமாக ஒட்டிக்கொண்டிருந்தது. வேலுத்தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சீனி அவசரப்படவில்லை. முதலில் சீட்டைத் தூக்கி பேட்டரியின் பெரிய பிளக்கைப் பிடுங்கினார். பிறகு பின்சக்கரத்தின் அச்சிலிருந்து வரும் கறுப்பு வயரை விரலால் தடவிக்கொண்டே போய், அது சேரும் இடத்தைக் கண்டுபிடித்து நிதானமாகக் கழற்றினார்.

"இது என்னத்துக்குன்னு கேட்டீங்கன்னா அண்ணாச்சி, இந்த வண்டிக்கு மோட்டார் வேற எங்கயும் கிடையாது. பின்சக்கரத்துக்குள்ளயே இருக்கு. சக்கரத்த அப்படியே இழுத்தா வயரு அத்துப்போகும். அதனாலதான் ஊர்ல யாரும் இந்த வண்டியத் தொட மாட்டேன்னுட்டாங்க. நான் மதுரைக்குப் போயி, கம்பெனிக்காரன் கழட்டுறத ரெண்டு நாள் பக்கத்துல நின்னு பாத்துட்டு வந்துதான் தொட்டேன்."

"பேச்சு வேண்டாம். வேலையப் பாரு" என்றார் செல்லத்துரை.

சீனி வண்டிக்கு அடியில் கட்டையைக் கொடுத்து நிறுத்தினார். நட்டுகளைத் தளர்த்தினார். வாஷர்களைக் கழற்றிய வரிசையிலேயே ஒரு துணியில் பரப்பி வைத்தார். சக்கரம் கையோடு வந்தது. மோட்டாரும் சேர்ந்த கனம், முத்துசெல்வம் ஒரு பக்கம் பிடித்து இறக்க வேண்டியிருந்தது. சாக்கின் மேல் படுக்க வைத்துவிட்டு, ஈரத்துணியால் டயரின் பக்கவாட்டைத் துடைத்தார். அங்கே ஒரு நம்பர் தெரிந்தது.

"மட்டமான டயரைப் போட்டுட்டேன்னு சொன்னீங்கள்லா அண்ணாச்சி. அன்னைக்கு மூணு டயர எடுத்து முன்னால போட்டேன். ஒண்ணு, வண்டியோட வந்துச்சே அதே ரகம், மெலிசு. ஒண்ணு, ரப்பர் ஒட்டுன பழைய டயரு. மூணாவது இது. உங்க மகன் என்ன கேட்டாரு தெரியுமா? 'நாலு பேட்டரி இருக்கு, மிட்டாய் மூட்டை இருக்கு, நான் இருக்கேன், எல்லாத்தையும் எது தாங்கும்'னு கேட்டாரு. எவ்வளவு பாரம் தாங்கும்னு பக்கவாட்டுல நம்பர் போட்டிருக்கும், நீங்களே பாருங்கன்னு சொன்னேன். குனிஞ்சு வாசிச்சுப் பாத்துட்டு இதத்தான் எடுத்தாரு."

செல்லத்துரை குனிந்து அந்த நம்பரைப் பார்த்தார்.

"அவரு மாதிரி டயரப் பாத்துக்கிட்ட ஆள் இந்த ஊர்ல கிடையாது. கடைகளுக்கு மிட்டாய் போட்டு முடிச்சுத் திரும்பும்போது என் கடையில நிறுத்தி, சக்கரத்தச் சுத்தி விரலால தடவிப் பாப்பாரு, கருவேல முள்ளு எதுவும் ஏறியிருக்கான்னு."

"ஆமா" என்றாள் காளீஸ்வரி. "வீட்டுலயும் பாப்பாவ."

வேலுத்தாய் பேத்தியை இறுக்கிக்கொண்டாள். அழுகை சத்தம் வராமல் வந்தது.

சீனி டயரின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். டயர் மேல் சுண்டுவிரல் நீளத்துக்கு மஞ்சள் பெயிண்ட் கோடு. பிறகு இரும்பு ரிம்மைச் சுற்றிலும் துடைத்தார். அங்கேயும் ஒரு மஞ்சள் கோடு இருந்தது. இரண்டுக்கும் நடுவே ஒரு சாண் தூரம்.

அவர் இரண்டு கோட்டையும் மாறி மாறி விரலால் தொட்டுப் பார்த்தார்.

"என்னலே?" என்றார் செல்லத்துரை.

"டயர மாட்டுனதும் நான் ஒரு கோடு போடுவேன் அண்ணாச்சி. டயரையும் ரிம்மையும் சேத்து, ஒரே கோடா. டயரு நகருதா இல்லையான்னு பாக்க. இந்தா பாருங்க, டயர்ல ஒரு துண்டு இங்கன இருக்கு, ரிம்முல ஒரு துண்டு அங்கன இருக்கு."

"அப்படின்னா?"

"டயரு ஒரு எடத்துலயே நின்னுருக்கு. ரிம் மட்டும் உள்ள சுத்தியிருக்கு."

டயர் ஓரத்தில் லிவரைக் கொடுத்து நெம்பினார். வயருக்குப் பக்கத்தில் லிவர் படாமல் துணியை மடித்து வைத்துக்கொண்டார். டியூபை உருவி எடுத்து முற்றத்து வெளிச்சத்தில் சுற்றிலும் விரித்துக் காட்டினார். முள் ஏறின ஓட்டை ஒன்றுகூட இல்லை. காற்றடிக்கும் வால்வு மட்டும் டியூபோடு சேரும் இடத்தில் பாதிக்கு மேல் கிழிந்து தொங்கியது.

"மோட்டார் சக்கரத்துக்குள்ளயே இருந்து முறுக்குது. டயர்ல காத்து கெட்டியா இருந்தா டயரும் சேர்ந்து சுத்தும். காத்து கம்மியா இருந்தா ரிம் வழுக்கிரும். வால்வு ரிம்முல மாட்டியிருக்கு, டியூபு டயரோட நிக்குது. நடுவுல அகப்பட்டுக் கிழிஞ்சிரும். இது மாட்டுனதுல வந்த குத்தம் இல்ல அண்ணாச்சி. வண்டி கிளம்பும்போதே காத்து இல்ல."

செல்லத்துரை எழுந்துவிட்டார்.

"என் பிள்ள காத்தப் பாக்காமப் போயிட்டான்னு சொல்லுதியா?"

"அண்ணாச்சி..."

"ஞாயித்துக்கிழமைதோறும் அளந்து பாப்பான்லே! முந்தின நாள் சாயந்திரமும் இந்த முற்றத்துல உக்காந்துதான் அளந்தான். உன்னக் காப்பாத்திக்கிடச் செத்தவன் மேல பழியப் போடுதியா?"

"முப்பத்தாறு" என்றாள் காளீஸ்வரி. "நான்தான் வாசிச்சேன் தாத்தா. முப்பத்தாறு இருந்துச்சு. அப்பா சரின்னு சொன்னாவ."

சுவருக்கு அப்பால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். சீனி கிழிந்த டியூபைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எட்டு வயதுப் பிள்ளை சொல்லும் சாட்சியை அவர் எப்படி மறுப்பார்? தலை குனிந்து சாமான்களைப் பொறுக்கத் தொடங்கினார்.

அப்போதுதான் முத்துசெல்வம் பேசினான்.

"ஞாயித்துக்கிழமை முப்பத்தாறு இருந்துச்சு அப்பா. திங்கக்கிழமை காலையில நான் இறக்குனேன்."

*

செல்லத்துரை மகனைப் பார்த்தார். அவருக்குப் புரியச் சற்று நேரம் பிடித்தது.

"மழை பெஞ்சு பாதை சேறாக் கிடந்துச்சு. வண்டி வழுக்கிரும்னு பாதிக் காத்த இறக்கி விட்டேன்."

"அண்ணன்கிட்ட சொன்னியா?"

கதவுக்குப் பின்னால் சுதாராணி நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"சொல்லல" என்றான் முத்துசெல்வம். "அடுப்பு மூட்டணும்னு ஓடிட்டேன். மறந்துட்டேன்."

செல்லத்துரை கை ஓங்கவில்லை. ஓங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று முத்துசெல்வத்துக்கே தோன்றியிருக்கும். அவர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"இருபத்தெட்டு நாளா என் பக்கத்துல உக்காந்து சாப்பிட்டியேலே. அண்ணனுக்கு ஆம்பளப் பிள்ளை இல்லன்னு நீதான கொள்ளி வச்ச? காத்த இறக்குன கையாலயே கொள்ளியும் வச்சியா?"

அவர் சீனியைக் கையால் காட்டினார்.

"இந்த மனுசன் கடை வாசல்ல போயி நான் கத்திட்டு வந்தேன். அப்பவும் வாய மூடிக்கிட்டு இருந்தியே. போயிரு. பட்டறைக்கும் வராத, வீட்டுக்கும் வராத. நான் செத்தாலும் வராத. எனக்கு ரெண்டு பிள்ளையும் போயாச்சு."

"ஏங்க..." என்று வேலுத்தாய் அலறினாள்.

"நீ பேசாத!"

"அண்ணாச்சி, கொஞ்சம் பொறுங்க" என்றார் சீனி. "மழைக்குக் காத்த இறக்குறது ஊர்ல எல்லாரும் செய்யுறதுதான். நானே செஞ்சிருக்கேன். உங்க மூத்த மகனும் செஞ்சிருக்காரு, ரோட்டுல ஏறுனதும் அடிச்சுக்கிடுவாரு. இந்த வண்டிக்கு அப்படிச் செஞ்சா உடனே ஏத்திரணும்னு அவர்கிட்ட சொன்னேன். தம்பிகிட்டயும் ஒரு வார்த்தை சொல்லியிருக்கணும், எனக்குத் தோணல. சின்னப் பையன், நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சிருக்கான்."

யாருடைய கடை இருபத்தெட்டு நாளாக ஈயாடிக் கிடந்ததோ அந்த மனிதர்தான் இப்படிப் பேசினார். செல்லத்துரை அவரை நிமிர்ந்து பார்க்க முடியாமல் முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார்.

முத்துசெல்வம் உள்ளே போய் ஒரு சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டு வந்தான். வேறு எதுவும் எடுக்கவில்லை. கதவைத் தாண்டும்போது மதினியைப் பார்த்துக் கண்ணாலேயே 'வேண்டாம்' என்றான். வாசலில் இறங்கிச் செருப்பை மாட்டினான்.

சுதாராணி அவன் முதுகைப் பார்த்தாள். அண்ணனுக்கும் தம்பிக்கும் நடை ஒரே மாதிரி. அன்றும் இதே வாசலில் ஒருவன் நின்று போயிட்டு வாரேன் என்றான். அன்றும் அவள் வாயை மூடிக்கொண்டுதான் இருந்தாள்.

அவள் நிலைப்படியைத் தாண்டி வெளியே வந்தாள்.

முப்பது கழியாத பெண் தெருவாசலில் வந்து நின்றதும் சுவருக்கு அப்பால் சலசலப்பு எழுந்தது. வேலுத்தாய், "ஏட்டி, உள்ள போ!" என்றாள்.

"முத்து, நில்லு" என்றாள் சுதாராணி.

"மதினி, உள்ள போங்க."

"மாமா, தம்பி பொய் சொல்லுதான். அவன் மறக்கல. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போனான். காத்து இறக்கியிருக்கேன், ரோட்டுல ஏறுனதும் பம்பு அடிக்கச் சொல்லுங்கன்னு சொன்னான். நான்தான் அவியகிட்ட சொல்லல."

செல்லத்துரை துண்டை விலக்கினார். அழுது சிவந்த கண்கள். பத்து வருஷமாக மருமகளை ஒரு கடுஞ்சொல் சொன்னதில்லை அவர். இப்போதும் குரல் உயரவில்லை.

"மறந்துட்டியா தாயி?"

அந்த ஒரு கேள்வியில் எல்லாமே இருந்தது. ஆமாம் என்று சொல்லிவிடு, நான் தாங்கிக்கொள்கிறேன் என்று அவர் முகம் கெஞ்சியது. அடுப்படி வேலை, பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் அவசரம், எந்த வீட்டில்தான் மறதி இல்லை? ஒரே ஒரு தலையசைப்பு போதும். முத்துசெல்வம் வீட்டுக்குத் திரும்பலாம். சீனி கடைக்குத் திரும்பலாம். அவளும் மகளோடு இருந்துவிடலாம்.

சுதாராணி இடுப்பிலிருந்து அந்தப் பேனா போன்ற சாமானை எடுத்து மாமனாரின் முன்னால் நாற்காலியில் வைத்தாள்.

"இல்ல மாமா. ஞாபகம் இருந்துச்சு. அவியகூட மூணு நாளாப் பேச்சில்லாம இருந்தேன். நான் எதுக்குப் போயி முதல்ல பேசணும், அவியளே டயரப் பாத்துக்கிடுவாவன்னு நெனச்சேன். அதனால சொல்லல."

சீனி கையிலிருந்த டியூபை ஓசைப்படாமல் சாக்கின் மேல் வைத்தார். அவருக்காக மோந்து கொடுத்த தண்ணீர் செம்பில் அப்படியே இருந்தது.

செல்லத்துரை நாற்காலியில் உட்காரப் போனார். அதில் மகனின் சாமான் கிடந்ததைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார்.

வேலுத்தாய் எழுந்தாள். மருமகளைத் திட்டுவாள், மயிரைப் பிடிப்பாள் என்று தெருவே எதிர்பார்த்தது. அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. சுதாராணியின் முகத்தைப் பார்க்கவும் இல்லை. காளீஸ்வரியின் கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள்.

"ஆச்சி, அம்மா வெளிய நிக்காவ" என்று பிள்ளை சொன்னது கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம். அதற்குப் பிறகு தாழ்ப்பாள்.

சுதாராணி திரும்பிப் பார்த்தாள். அவள் வாழ வந்த இந்தப் பத்து வருஷத்தில், பகல் நேரத்தில் அந்தக் கதவைச் சாத்தி அவள் பார்த்ததே இல்லை.